காவிரிப் படுகையில் குடிமக்கள் உயிரினப் பதிவு

காவிரிப் படுகையில் குடிமக்கள் உயிரினப் பதிவு என்பது, தமிழ்நாட்டின் காவிரிப் பாசனப் பகுதியில் வாழும் பறவைகள், பாம்புகள், மீன்கள், பூச்சிகள், தாவரங்கள் முதலியவற்றைப் பொதுமக்களே கண்டறிந்து, பெயரை உறுதிசெய்து, நாளும் இடமும் குறித்து, எவரும் பார்க்கக்கூடிய பொதுத் தரவுத்தளங்களில் சேர்க்கும் செயற்பாட்டைக் குறிக்கும். இது குடிமக்கள் அறிவியல் எனப்படும் பரந்த துறையின் ஒரு பகுதியாகும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய மாவட்டங்களும், திருச்சிராப்பள்ளி, அரியலூர், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில பகுதிகளும் இப்படுகையில் அடங்கும்.

இப்பகுதியில் உயிரினங்களைப் பலர் கூடி இனங்காணும் வழக்கம் இணையத்திற்கு மிகவும் முற்பட்டது. 18ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடியில் இயங்கிய இயற்கையியலாளர் குழுவும், 20ஆம் நூற்றாண்டில் கோடியக்கரையில் நடைபெற்ற பறவை வளையமிடலும் இதன் முன்னோடிகள் ஆகும். இன்று இ-பேர்டு, ஐநேச்சுரலிஸ்ட், இந்தியப் பல்லுயிர்த் தளம் முதலியவற்றின் வழியே இப்பணி நடைபெறுகிறது. சரணாலயங்களுக்கு வெளியே, வயல்களிலும் வாய்க்கால்களிலும் ஊர்க் குளங்களிலும் வாழும் பொதுவான உயிரினங்கள் கூடுகின்றனவா, குறைகின்றனவா என்பதை அறிவதற்கு இத்தகைய பதிவுகளே பெரும்பாலும் ஒரே வழியாக இருப்பதால் இச்செயற்பாடு முக்கியத்துவம் பெறுகிறது.

கலைச்சொற்கள்

• இனங்காணல்: கண்ட உயிரினம் எந்த இனத்தைச் சேர்ந்தது என்பதை உடலமைப்பு, நிறம், ஒலி, நடத்தை, வாழிடம், பருவம் ஆகியவற்றைக் கொண்டு முடிவு செய்தல்.

• பதிவு: இன்ன இனம், இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்னாரால் காணப்பட்டது என்னும் நான்கு செய்திகளும் அடங்கிய குறிப்பு. இவற்றுள் ஒன்று இல்லாவிடினும் பதிவின் அறிவியற் பயன் குறைந்துவிடும்.

• முழுப் பட்டியல்: குறிப்பிட்ட நேரத்தில் ஓரிடத்தில் அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவைகளையும் விடாமல் எழுதிய பட்டியல்.

• வலசை: பறவைகள் பருவந்தோறும் இனப்பெருக்க இடத்திற்கும் குளிர்கால இருப்பிடத்திற்கும் இடையே மேற்கொள்ளும் பயணம்.

நிலமும் உயிரினங்களும்

கல்லணையிலிருந்து பிரியும் ஆறுகளும் வாய்க்கால்களும் இப்படுகையைப் பரந்த நன்செய் நிலமாக ஆக்கியுள்ளன. 1934ஆம் ஆண்டில் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டதிலிருந்து, நீர் இருப்பு உள்ள ஆண்டுகளில் சூன் 12ஆம் நாள் பாசனத்திற்கு அணை திறக்கப்படுவது வழக்கம். குறுவை, சம்பா, தாளடி என்னும் நெற்பட்டங்களும், அறுவடைக்குப் பின் வயலின் ஈரத்தைக் கொண்டே விளையும் உளுந்து, பயறு ஆகியவையும் நிலத்தின் தோற்றத்தை ஆண்டு முழுவதும் மாற்றிக்கொண்டே இருக்கின்றன. அதற்கேற்ப அங்கு வரும் உயிரினங்களும் மாறுகின்றன.

உழவின்போது மண்ணிலிருந்து வெளிப்படும் புழு பூச்சிகளைத் தின்னக் கொக்குகளும் மைனாக்களும் கரிச்சான்களும் கூடுகின்றன. நாற்று நட்ட வயலில் நத்தை, நண்டு, தவளை ஆகியவை பெருகும்போது நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் வருகின்றன. கதிர் முற்றும் காலத்தில் தூக்கணாங்குருவியும் சில்லைகளும் திரள்கின்றன. வயல் எலிகளைத் தேடி இரவில் கூகை வருகிறது. கூகையும் பிற ஆந்தைகளும் அமர்வதற்காக உழவர்கள் வயலின் நடுவே கழிகளை நட்டு வைப்பதுண்டு. வடகிழக்குப் பருவமழையால் ஏரிகள் நிரம்பும் காலத்தில் நீலச்சிறகி, கருவால் மூக்கன் முதலிய வலசைப் பறவைகள் வடக்கிலிருந்து வந்து சேர்கின்றன.

இப்படுகையிலும் அதன் ஓரங்களிலும் அமைந்துள்ள முதன்மையான காப்பிடங்கள் வருமாறு:

• கோடியக்கரை வனவிலங்கு சரணாலயம், நாகப்பட்டினம் மாவட்டம். 1967ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. வெளிமான்களுக்கும் பூநாரைகளுக்கும் பெயர் பெற்றது. வேதாரண்யம் சதுப்புநிலத்தை உள்ளடக்கிய இப்பகுதி 2002ஆம் ஆண்டில் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

• வடுவூர் பறவைகள் சரணாலயம், திருவாரூர் மாவட்டம். 2022ஆம் ஆண்டில் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்ட பாசன ஏரி.

• உதயமார்த்தாண்டபுரம் பறவைகள் சரணாலயம், திருவாரூர் மாவட்டம். இதுவும் 2022ஆம் ஆண்டில் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

• கரைவெட்டி பறவைகள் சரணாலயம், அரியலூர் மாவட்டம். கொள்ளிடத்திற்கு வடக்கே அமைந்துள்ள இவ்வேரிக்குப் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக நீர் வருகிறது. வரித்தலை வாத்துகள் குளிர்காலத்தில் வந்து தங்கும் இடமான இது 2024ஆம் ஆண்டில் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இவற்றின் மொத்தப் பரப்பு நெல்வயல்களின் பரப்போடு ஒப்பிடுகையில் மிகச் சிறியது. மேலும், ஏரியில் கூடு கட்டும் பறவை இரைதேடுவது சுற்றியுள்ள வயல்களில்தான். எனவே சரணாலயத்தில் மட்டும் எண்ணப்படும் பறவைத் தொகை அப்பறவையின் வாழ்நிலையை முழுமையாகக் காட்டாது.

வரலாறு

தரங்கம்பாடிக் குழு

தரங்கம்பாடி 1620ஆம் ஆண்டு முதல் 1845ஆம் ஆண்டு வரை தேனியர்களின் குடியேற்றமாக இருந்தது. இங்கு இயங்கிய சமயப் பரப்பு மையத்திற்கு மருத்துவராக 1768ஆம் ஆண்டில் யோகான் கெரார்டு கோனிக் வந்து சேர்ந்தார். இவர் உயிரினங்களுக்கு இருசொற் பெயரிடும் முறையை நிலைநிறுத்திய கரோலசு லின்னேயசின் மாணவர் ஆவார். கோனிக் இந்தியாவிலிருந்து அனுப்பிய தாவரங்கள் பலவற்றை ஐரோப்பிய அறிஞர்கள் விவரித்துப் பெயரிட்டனர். தமிழர் சமையலில் நாள்தோறும் பயன்படும் கறிவேப்பிலையின் அறிவியற் பெயரில் உள்ள "கோனிகீ" என்னும் சொல் இவரது பெயரிலிருந்து வந்ததாகும்.

இவரைச் சுற்றியும் இவருக்குப் பின்னரும் உருவான இயற்கையியலாளர் வட்டம் "ஐக்கிய சகோதரர்கள்" என அறியப்பட்டது. கிறித்தோப் சாமுவேல் ஜான், யோகான் பீட்டர் ராட்லர், கிளைன், பெஞ்சமின் ஐன், வில்லியம் ராக்சுபரோ ஆகியோர் இவ்வட்டத்தைச் சேர்ந்தவர்கள். இவர்கள் தாவர மாதிரிகளைத் தமக்குள் பரிமாறிக்கொண்டு, கூடி ஆராய்ந்து பெயர் முடிவு செய்தனர். அவ்வாறு முடிவு செய்த பெயர்களுக்குப் பின் தனியொருவர் பெயரை இடாமல், "எங்களால்" எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லான "நோபிசு" என்பதைக் குறிக்கும் வழக்கம் அவர்களிடம் இருந்தது. ஒருவர் கண்டதைப் பலர் சரிபார்த்து ஒரு பெயருக்கு வருதல் என்னும் முறை இப்பகுதியில் அக்காலத்திலேயே நடைமுறையில் இருந்ததை இது காட்டுகிறது.

ஜான் தரங்கம்பாடிக் கடற்கரையில் கிடைத்த மீன்களைச் செருமானிய மீனியலாளர் மார்க்கசு புளோக்கிற்கு அனுப்பிவந்தார். கத்தாளை மீன்களுள் ஒரு பேரினத்திற்குப் புளோக் 1793ஆம் ஆண்டில் "ஜானியசு" எனப் பெயரிட்டார். இப்பேரினத்தைச் சேர்ந்த மீன் ஒன்றின் பெயரான "ஜானியசு கருட்டா" என்பதில் "கருத்த" என்னும் தமிழ்ச் சொல் பொதிந்துள்ளது. இருதலை மணியன் எனப்படும் மண்ணுளிப் பாம்பின் அறிவியற் பெயரான "எரிக்சு ஜானீ" என்பதும் இவரது நினைவாக 1801ஆம் ஆண்டில் பாட்ரிக் ரசல் இட்டதாகும். ராட்லர் பின்னாளில் விரிவான தமிழ்-ஆங்கில அகராதி ஒன்றையும் தொகுத்தார். அது 1834ஆம் ஆண்டு முதல் 1841ஆம் ஆண்டு வரை பகுதி பகுதியாக வெளிவந்தது.

தஞ்சாவூரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னரும் (ஆட்சிக்காலம் 1798–1832) இயற்கையியலில் ஆர்வம் கொண்டவர். தாவரங்களையும் விலங்குகளையும் ஓவியங்களாகத் தீட்டச் செய்தவர்.

இக்காலப் பதிவுகளில் ஒரு குறை உண்டு. மீனை வலையிலிருந்து எடுத்துக் கொடுத்தவர், செடியின் பெயரைச் சொன்னவர், பாம்பைப் பிடித்து வந்தவர் ஆகியோரின் பெயர்கள் நூல்களில் பெரும்பாலும் இடம்பெறவில்லை. பெயர் சூட்டியவரும் அனுப்பியவரும் மட்டுமே நிலைபெற்றனர். இன்றைய தரவுத்தளங்களில் ஒவ்வொரு பதிவுடனும் அதனைக் கண்டவரின் பெயர் இணைந்திருப்பது இவ்வகையில் குறிப்பிடத்தக்க மாற்றமாகும்.

கோடியக்கரையில் வளையமிடல்

1883ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், சாலிம் அலியின் முயற்சியால் 1959ஆம் ஆண்டில் பறவை வலசை ஆய்வைத் தொடங்கியது. கோடியக்கரை அவ்வாய்வின் முதன்மையான களங்களுள் ஒன்றாக விளங்கியது. பிடிக்கப்பட்ட பறவையின் காலில் எண் பொறித்த இலேசான உலோக வளையம் இட்டு, அளவுகளைக் குறித்துக்கொண்டு, மீண்டும் பறக்கவிடுவதே இம்முறையாகும். வளையத்தில் எண்ணுடன், கழகத்திற்குத் தெரிவிக்குமாறு கேட்கும் சொற்களும் பொறிக்கப்பட்டன.

அவ்வளையத்தைக் கண்ட எவரேனும் அஞ்சல் வழியே தகவல் அனுப்பினால்தான் அப்பறவை எங்கிருந்து எங்குச் சென்றது என்பது தெரியவரும். கண்டவர் மீனவராகவோ வேட்டையாடியாகவோ பள்ளி மாணவராகவோ இருக்கலாம். ஆகவே வளையமிடல் அறிவியலாளரின் பணியாக இருந்தபோதிலும், அதன் மறுபாதி பொதுமக்களின் கையிலேயே இருந்தது.

கணக்கெடுப்புகளும் இணையத் தளங்களும்

ஆண்டுதோறும் சனவரியில் நடைபெறும் ஆசிய நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு 1987ஆம் ஆண்டில் தொடங்கியது. 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கோர்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் இணைந்து இ-பேர்டு தளத்தைத் தொடங்கின. இந்தியாவில் வலசைப் பறவைகளின் வருகையைப் பதிவு செய்யும் மைக்ரண்ட்வாட்ச் திட்டம் 2007ஆம் ஆண்டிலும், எல்லா உயிரினங்களுக்குமான இந்தியப் பல்லுயிர்த் தளம் 2008ஆம் ஆண்டிலும் தொடங்கின.

ஐநேச்சுரலிஸ்ட் தளம் 2008ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மூன்று முதுநிலை மாணவர்களின் இறுதியாண்டுத் திட்டமாக உருவானது. 2023ஆம் ஆண்டு முதல் இது தனி இலாபநோக்கற்ற நிறுவனமாக இயங்குகிறது.

தமிழ்நாட்டில் 2015ஆம் ஆண்டு முதல் பொங்கல் விடுமுறை நாட்களில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடத்தப்படுகிறது. காவிரிப் படுகைக்கு இக்காலம் மிகவும் பொருத்தமானது. சம்பா அறுவடை நடைபெறும் காலமாதலால் வயல்களில் பறவைகள் கூடுகின்றன. வலசைப் பறவைகளும் அப்போது இங்கேயே இருக்கின்றன. வெளியூரில் படிப்போரும் பணிபுரிவோரும் சொந்த ஊருக்கு வருவதால் வீட்டுக் கொல்லை, ஊர்க்குளம், களம் ஆகிய இடங்களிலிருந்தும் பட்டியல்கள் கிடைக்கின்றன.

இனங்காணும் முறை

படம் வழி இனங்காணல்

ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஒருவர் ஒளிப்படத்தையோ ஒலிப்பதிவையோ நாள், இடம் ஆகியவற்றுடன் இடுகிறார். இனத்தின் பெயர் தெரியாவிடின் "தும்பி" அல்லது "சிலந்தி" எனப் பொதுவாகக் குறித்தாலும் போதும். பிறர் அதனைப் பார்த்துத் தத்தம் கருத்தைச் சேர்க்கின்றனர். குறைந்தது இருவர் கருத்துரைத்து, அவற்றுள் மூன்றில் இரண்டு பங்கிற்கும் மேற்பட்டவை ஓர் இனத்தில் உடன்பட்டால் அப்பதிவு ஆய்வுத்தரம் பெறுகிறது. ஆய்வுத்தரப் பதிவுகளில் உரிய உரிமத்துடன் வெளியிடப்பட்டவை 2001ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட உலகப் பல்லுயிர்த் தகவல் அமைப்பிற்கும் செல்கின்றன. பின்னர் எவரேனும் தக்க காரணத்துடன் மறுத்தால் அத்தரம் நீங்கவும் கூடும்.

2017ஆம் ஆண்டு முதல் இத்தளத்தில் கணினியே படத்தை ஆராய்ந்து பெயர்களைப் பரிந்துரைக்கிறது. முன்னர் இடப்பட்ட படங்களிலிருந்து கணினி கற்றுக்கொள்வதால், அதிகம் படமெடுக்கப்பட்ட இனங்களில் இப்பரிந்துரை நன்கு அமைகிறது. குறைவாகப் படமெடுக்கப்பட்ட பூச்சி, சிலந்தி போன்றவற்றில் தொலைநாட்டு இனம் ஒன்றின் பெயரைக் காட்டிவிடுவதும் உண்டு. எனவே பரிந்துரை என்பது முடிவு அன்று.

பட்டியல் வழிப் பதிவு

இ-பேர்டு தளத்தில் தனிப் படத்தைவிடப் பட்டியலே அடிப்படை அலகாகும். தொடங்கிய நேரம், செலவிட்ட நேரம், நடந்த தொலைவு, ஒவ்வோர் இனத்தின் எண்ணிக்கை ஆகியவை குறிக்கப்படுகின்றன. அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளும் எழுதப்பட்டனவா என்னும் வினாவும் கேட்கப்படுகிறது. ஆம் எனில் அது முழுப் பட்டியல் ஆகும். அவ்விடத்திற்கும் பருவத்திற்கும் வழக்கத்திற்கு மாறான இனமோ எண்ணிக்கையோ காணப்பட்டால் தன்னார்வலரான சரிபார்ப்பாளர் விளக்கம் கேட்பார்.

முழுப் பட்டியலின் சிறப்பு, அது இல்லாமையையும் காட்டுவதாகும். எடுத்துக்காட்டாக, ஓர் ஊரில் தை மாதத்தில் எழுதப்பட்ட 40 முழுப் பட்டியல்களுள் 30 பட்டியல்களில் பனங்காடை இருப்பதாகக் கொள்வோம். அதன் பதிவு வீதம் 75 விழுக்காடு ஆகும். பல ஆண்டுகளுக்குப் பின் அதே ஊரில், அதே மாதத்தில், அதே அளவு முயற்சியுடன் எழுதப்பட்ட 40 பட்டியல்களுள் 10 பட்டியல்களில் மட்டுமே அது இருந்தால் வீதம் 25 விழுக்காடாகக் குறைந்துள்ளது எனலாம். அரிய பறவைகளை மட்டும் எழுதி, காகத்தையும் மைனாவையும் விட்டுவிடும் பட்டியல்களைக் கொண்டு இத்தகைய ஒப்பீட்டைச் செய்ய இயலாது.

எடுத்துக்காட்டு: வயலில் காணப்படும் கொக்குகள்

நெல்வயலில் வெண்ணிறமாகத் தோன்றும் பறவைகள் அனைத்தையும் கொக்கு என்றே அழைப்பது வழக்கம். ஆயினும் ஒரே வயலில் கீழ்க்காணும் ஐந்து இனங்களும் இருக்கக்கூடும்:

• உண்ணிக்கொக்கு: குட்டையான மஞ்சள் அலகும் தடித்த கழுத்தும் கொண்டது. மாடுகளின் பின்னும் உழுபொறியின் பின்னும் செல்லும். இனப்பெருக்கக் காலத்தில் தலையும் கழுத்தும் முதுகும் செம்மஞ்சள் நிறம் பெறும்.

• சின்னக் கொக்கு: கருநிற அலகும் கருநிறக் கால்களும் உடையது. பாதம் மட்டும் மஞ்சளாக இருக்கும்.

• நடுத்தரக் கொக்கு: இனப்பெருக்கம் செய்யாத காலத்தில் மஞ்சள் அலகு கொண்டது. கால்களும் பாதங்களும் கருநிறமானவை.

• பெரிய கொக்கு: மிக உயரமானது. வாய்ப்பிளவு கண்ணையும் தாண்டிப் பின்னோக்கி நீளும். இதுவே நடுத்தரக் கொக்கிலிருந்து இதனைப் பிரித்தறியும் முதன்மையான அடையாளம்.

• மடையான்: அமர்ந்திருக்கும்போது மண்ணிறக் கோடுகளுடன் வரப்போடு வரப்பாகத் தோன்றும். எழுந்து பறக்கையில் வெள்ளைச் சிறகுகள் வெளிப்படும்.

பாத நிறம், வாய்ப்பிளவின் நீளம் போன்ற ஓரிரு அடையாளங்களைத் தெரிந்துகொண்டால், விலையுயர்ந்த கருவிகள் இன்றியும் இவற்றைப் பிரித்தறிய இயலும்.

பெயர்களும் அவற்றின் சிக்கல்களும்

உயிரினங்களைப் பற்றிய தமிழ்ப் பெயர்வளம் பெரியது. எனினும் பதிவுக்குப் பயன்படுத்தும்போது இருவகைச் சிக்கல்கள் எழுகின்றன. முதலாவது, ஓர் உயிரினத்திற்குப் பல பெயர்கள் இருத்தல். கரிச்சான், கரிக்குருவி, இரட்டைவால் குருவி, வலியன் என்பன ஒரே பறவையைக் குறிக்கின்றன. இரண்டாவது, ஒரே பெயர் பல உயிரினங்களைக் குறித்தல். நீரோரத்தில் ஓடித்திரியும் பல இனங்களுக்கு உள்ளான் என்னும் ஒரே பெயர் வழங்குகிறது. பழம்பெயர்களிலும் இச்சிக்கல் உண்டு. சங்க இலக்கியத்தில் வரும் அன்றில் எந்தப் பறவை என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது.

பி. எல். சாமி எழுதிய "சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்" பழம்பெயர்களை இன்றைய இனங்களோடு பொருத்திப் பார்த்த முக்கியமான நூலாகும். க. ரத்னம் எழுதிய "தமிழ்நாட்டுப் பறவைகள்" களத்தில் பயன்படும் தமிழ்ப் பெயர்களைப் பரவலாக்கியது. வண்ணத்துப்பூச்சிகளுக்கும் அண்மைக் காலத்தில் ஆர்வலர்கள் தமிழ்ப் பெயர்களை உருவாக்கியுள்ளனர். 2019ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட இனம் தமிழ் மறவன் என்னும் பெயரால் அறியப்படுகிறது.

தரவுத்தளங்கள் அறிவியற் பெயரை அடிப்படையாகக் கொள்வதால், எம்மொழியில் தேடினாலும் ஒரே பதிவை அடையலாம். அதே வேளையில் வட்டாரப் பெயரையும் குறிப்பாகச் சேர்ப்பது பயனுடையது. உண்ணிக்கொக்கு, நத்தைகுத்தி நாரை, ஆள்காட்டி போன்ற பெயர்களிலேயே அவ்வுயிரினத்தின் உணவும் நடத்தையும் அடங்கியிருக்கின்றன. உழவர், மீனவர், ஆடு மாடு மேய்ப்போர் ஆகியோரின் நீண்டகாலக் கவனிப்பு பெரும்பாலும் இப்பெயர்களிலேயே சேமிக்கப்பட்டுள்ளது.

பாம்புகளை இனங்காணல்

நெல்வயற் பகுதிகளில் இனங்காணலின் தேவை மிகுதியாக உணரப்படுவது பாம்புகளைப் பொறுத்தே ஆகும். 2020ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வின்படி, 2000 முதல் 2019 வரையிலான காலத்தில் இந்தியாவில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தனர். இவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஊரகத்தினர். தமிழ்நாட்டரசு 2024ஆம் ஆண்டு நவம்பரில் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் இந்தியாவில் மிகுதியான உயிரிழப்பிற்குக் காரணமானவை. இங்கும் பெயர்க் குழப்பம் உண்டு. கட்டுவிரியன் பெயரளவில் விரியனாக இருப்பினும் நல்ல பாம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் நஞ்சு நரம்புகளைத் தாக்கும். கண்ணாடி விரியனின் நஞ்சோ குருதி உறைதலைச் சிதைக்கும். கட்டுவிரியன் இரவில் தரையில் உறங்குவோரைக் கடிப்பதுண்டு. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ இல்லாமலும் போகலாம்.

நஞ்சற்ற வெள்ளிக்கோல் வரையன் பாம்பு கட்டுவிரியனைப் போலத் தோன்றுவதால் பெருமளவில் கொல்லப்படுகிறது. இரண்டிற்குமான வேறுபாடுகள்:

• கட்டுவிரியனின் வெண்பட்டைகள் கழுத்துப் பகுதியில் மங்கியோ இல்லாமலோ இருந்து, வாலை நோக்கித் தெளிவடையும். வெள்ளிக்கோல் வரையனில் இது மாறாக, முன்பகுதியில் தெளிவாகவும் பின்பகுதியில் மங்கியும் இருக்கும்.

• கட்டுவிரியனின் முதுகு நடுவரிசைச் செதில்கள் அறுகோண வடிவில் பெரியவை. வெள்ளிக்கோல் வரையனில் அவை மற்றச் செதில்களை ஒத்தவை.

இவ்வடையாளங்கள் தொலைவிலிருந்து எடுத்த படத்தில் கற்பதற்கு உரியவை. பாம்பின் அருகே சென்று சோதிப்பதற்கு உரியவை அல்ல. கடிபட்டவருக்கு இனங்காணலை எதிர்பார்த்துக் காலம் தாழ்த்தக் கூடாது. இந்தியாவில் வழங்கப்படும் நச்சுமுறி மருந்து இந்நான்கு பாம்புகளின் நஞ்சுக்கும் பொதுவானது. கடிவாயைக் கீறுவதும், இறுகக் கட்டுவதும், பாம்பைப் பிடித்து எடுத்துச் செல்ல முயல்வதும் தீங்கு விளைவிப்பவை. உடனடியாக மருத்துவமனைக்குச் செல்வதே சரியான வழியாகும்.

பயன்கள்

இந்தியப் பறவைகளின் நிலை என்னும் தொடர் அறிக்கை, பொதுமக்களின் பதிவுகளைக் கொண்டு உருவாக்கப்படுவதாகும். 2023ஆம் ஆண்டு அறிக்கை 30,000க்கும் மேற்பட்ட பறவை நோக்குநர்கள் அளித்த ஏறத்தாழ 3 கோடி பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை மதிப்பிட்டது. இவற்றுள் நீண்டகாலப் போக்கைக் கணிக்கப் போதிய தரவு 338 இனங்களுக்கு மட்டுமே கிடைத்தது. அந்த 338இல் 204 இனங்கள் குறைந்தும், 98 இனங்கள் நிலையாகவும், 36 இனங்கள் கூடியும் இருந்தன. காவிரிப் படுகையின் மின்கம்பிகளில் அமர்ந்திருக்கக் காணப்படும் பனங்காடையும் குறைந்துவருவதாகக் கண்டறியப்பட்ட இனங்களுள் ஒன்று. அதன் அழிவாய்ப்பு நிலையை மறுமதிப்பீடு செய்யுமாறு அவ்வறிக்கை பரிந்துரைத்தது.

பொதுவான இனங்களை எண்ணாமல் விடுவதன் விளைவைப் பிணந்தின்னிக் கழுகுகளின் வரலாறு காட்டுகிறது. இந்தியாவெங்கும் மிகுதியாகக் காணப்பட்ட இவை 1990களில் விரைந்து அழிந்தன. கால்நடைகளுக்குக் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபீனாக் மருந்தே காரணம் என்பது பின்னரே உறுதியாயிற்று. 2006ஆம் ஆண்டில் அதன் கால்நடைப் பயன்பாடு தடை செய்யப்படுவதற்குள் இவற்றில் பெரும்பகுதி மறைந்துவிட்டது. எங்கும் இருப்பதாகக் கருதப்பட்டதால், முன்பு எத்தனை இருந்தன என்பதற்கு நாட்டின் பெரும்பாலான ஊர்களில் எழுத்துச் சான்று இல்லை.

கடலோரத்தில் மீனவரின் பங்கு முதன்மையானது. ஆவுளியா எனவும் கடல் பசு எனவும் அழைக்கப்படும் பாலூட்டிக்காக, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் 2022ஆம் ஆண்டில் காப்பகம் அறிவிக்கப்பட்டது. வலையில் சிக்கிய ஆவுளியாவை மீண்டும் கடலில் விடும் மீனவர்களுக்கு வனத்துறை பரிசளித்து வந்துள்ளது. கலங்கிய கடலில் வாழும் இவ்விலங்கு எங்கு மேய்கிறது என்பதை நாள்தோறும் கடலுக்குச் செல்வோரைவிட அறிந்தவர் எவரும் இலர்.

குறைபாடுகளும் எதிர்விவாதங்களும்

• இடச்சாய்வு: மக்கள் செல்ல விரும்பும் இடங்களிலேயே பதிவுகள் குவிகின்றன. நகரங்கள், சரணாலயங்கள், சாலையோர ஏரிகள் ஆகியவை மிகுதியாகவும், உள்ளூர் வயல்கள் குறைவாகவும் பதிவாகின்றன. கேரளத்தில் 2015 முதல் 2020 வரை நடைபெற்ற பறவை வரைபடத் திட்டம் இதற்கு ஒரு தீர்வைக் காட்டியது. மாநிலத்தைச் சம கட்டங்களாகப் பிரித்து, தேர்ந்தெடுத்த கட்டங்களுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் சென்று 361 இனங்களைப் பதிவு செய்தனர்.

• இனச்சாய்வு: பறவைகளும் வண்ணத்துப்பூச்சிகளும் பெறும் கவனத்தை நத்தை, மண்புழு, நீர்ப்பூச்சி, புல்வகை ஆகியவை பெறுவதில்லை. நெல்வயலின் இயக்கத்தில் இவற்றின் பங்கு பெரியது.

• மொழித் தடை: பெரும்பாலான தளங்களில் உரையாடல் ஆங்கிலத்தில் நடைபெறுகிறது. உயிரினங்களை மிக நன்கு அறிந்த உழவரும் மீனவரும் இதனால் விலகி நிற்க நேர்கிறது.

• இடம் வெளிப்படுதல்: துல்லியமான இடக்குறிப்பு கடத்தல்காரருக்கும் பயன்படலாம். தரங்கம்பாடி ஜானின் பெயரைத் தாங்கிய மண்ணுளிப் பாம்பு, மூடநம்பிக்கையின் காரணமாகப் பெரும் விலைக்குக் கடத்தப்படுகிறது. அழிவாய்ப்புள்ள இனங்களின் இடத்தைத் தளங்கள் தாமாகவே மறைத்துப் பொதுவான பரப்பாகக் காட்டுகின்றன. அவ்வாறு மறைக்கப்படாத இனங்களில் பதிவிடுபவரே எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

• தொல்லை: கூடுகளின் அருகே சென்று படமெடுப்பதும், இரவில் ஒளி பாய்ச்சுவதும் பெற்றோர்ப் பறவைகள் கூட்டைக் கைவிடக் காரணமாகலாம்.

தரவின் தரத்தைப் பற்றியும் ஐயம் எழுப்பப்படுகிறது. பயிற்சி பெறாதோரின் பதிவுகளில் பிழைகள் இருக்கும் என்பது உண்மையே. ஆயினும் படமும் நாளும் இடமும் அழியாமல் இருப்பதால், பிழையை எவரும் எப்போதும் திருத்த இயலும். சான்று இணைக்கப்படாத வல்லுநர் குறிப்பைவிடச் சான்றுள்ள தொடக்கநிலைப் பதிவு இவ்வகையில் நம்பத்தக்கது எனலாம்.

மாணவர்கள் பங்கேற்கக்கூடிய வழிகள்

ஒரே இடத்தை மீண்டும் மீண்டும் பார்ப்பது, பல இடங்களுக்கு ஒருமுறை செல்வதைவிட அறிவியற் பயன் மிக்கது. பள்ளிக்கு அருகிலுள்ள குளம், வாய்க்கால் கரை அல்லது வயலைத் தேர்ந்து, மாதம் ஒருமுறை 15 நிமிடங்கள் நின்று, காகம் முதற்கொண்டு காணும் பறவைகள் அனைத்தையும் எண்ணி எழுதினால் ஆண்டிற்கு 12 முழுப் பட்டியல்கள் கிடைக்கும். அத்துடன் வயலின் நிலையை, அதாவது உழவு, நடவு, கதிர், அறுவடை, உளுந்து, தரிசு என்பவற்றுள் ஒன்றையும் குறித்து வைத்தால், பயிர்ப்பருவத்திற்கும் பறவைகளுக்கும் உள்ள தொடர்பு ஓராண்டிலேயே புலப்படத் தொடங்கும். ஊர் முதியோரிடம் கேட்டறிந்த வட்டாரப் பெயர்களையும் அதே குறிப்பேட்டில் சேர்க்கலாம். பெயர் தெரியாதவற்றைத் தெரியாது என்றே எழுதுவது, ஊகித்து எழுதுவதைவிடச் சிறந்தது.

இவற்றையும் பார்க்க

• குடிமக்கள் அறிவியல்
• கோடியக்கரை வனவிலங்கு சரணாலயம்
• கரைவெட்டி பறவைகள் சரணாலயம்
• வடுவூர் பறவைகள் சரணாலயம்
• சாலிம் அலி
• தரங்கம்பாடி